சாவுக்கு ஆகாத மெரூன்

ஒரு கலரைப் பார்த்தால் குமட்டுகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பெல்லாம் சிரித்திருப்பேன். இப்போது எனக்கே குமட்டுகிறது. மெரூன். அதுவும் ஏதோ ஒரு மெரூன் இல்லை. மெஜந்தா நூறு, மஞ்சள் எழுபத்தைந்து, கறுப்பு இருபத்தைந்து, நீலம் இருபது என்று அளந்து வைத்த மெரூன். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் மெரூன். அதைக் காப்பாற்றுவதுதான் ஆறு வருஷமாக என் உத்தியோகம்.

டிசைன் செக்‌ஷன் என்று கதவில் பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே இருப்பது நானும் ஒரு கம்ப்யூட்டரும் சித்திரை மாசத்தில் சரியாக மூச்சை விட்டுவிடும் ஒரு ஏசியும்தான். அழைப்பிதழ், பேனர், நோட்டு அட்டை, ஐடி கார்டு, பஸ்ஸின் பக்கவாட்டு எழுத்து எல்லாம் என் கை வழியாகத்தான் வெளியே போகும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் முதலாளியின் மகன், அவரைச் சின்னவர் என்போம், பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனியைக் கூட்டிவந்தார். அவர்கள் நாலு மாசம் இளநீர் குடித்துவிட்டு அறுபது பக்கத்தில் ஒரு பிராண்ட் புத்தகம் செய்து கொடுத்தார்கள். மெரூனும் மஞ்சளும். குங்குமமும் மஞ்சளும் மாதிரி மங்களகரம் என்று ஜோசியரும் தலையாட்டிவிட்டார். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு விதி: எங்கும், எப்போதும், எல்லாவற்றிலும் இதே நிறம்.

நான் அதை நம்பினேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்பினேன். மேச்சேரி ரோட்டில் புழுதிக்குள்ளே ஒரு பஸ் வருகிறது, எழுத்து தெரிவதற்கு முன்பே கலரை வைத்து "அட, அவங்க காலேஜு பஸ்ஸு" என்று ஒருத்தர் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும் என்று நினைத்தேன். கலர் என்பது வாக்கு மாதிரி, ஒரு தடவை கொடுத்தால் மாறக்கூடாது என்று புது ஸ்டாஃபுக்கு வகுப்பெல்லாம் எடுத்திருக்கிறேன். கருமம்.

என்ன நடந்தது தெரியுமா? பெயிண்ட் கான்ட்ராக்டர் நுழைவு வளைவுக்குத் தக்காளித் தொக்குக் கலரை அடித்தான். பஸ்ஸுக்கு அடித்தது ஆட்டு ஈரல் கலர். மிச்சம் இருந்ததை வீணாக்கக் கூடாதாம், வேப்பமரத்து அடிமரம், தண்ணீர்த் தொட்டி, கடைசியில் ஆண்கள் கக்கூஸ் கதவு வரைக்கும் பூசிவைத்தான். நான் பிராண்ட் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் பின்னாலேயே அலைந்தேன். "மேடம், செவப்புன்னா செவப்புதானுங்க" என்றான் அவன். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவனாவது தெரியாமல் செய்தான். சின்னவர் தெரிந்தே செய்வார். கட்சிக்காரர் யாராவது விழாவுக்கு வந்தால், வருகிறவருடைய கட்சிக்குத் தகுந்தாற்போல் பேனர் கரையின் கலர் மாறிவிடும். அடுத்த மாசம் எதிர்க்கட்சிக்காரர் வருவார், கரை மறுபடியும் மாறும். சின்னவர் பையனின் முதல் பிறந்தநாளுக்கு கேம்பஸ் முழுக்க ஊதா பேனர். ஊதா! புத்தகத்தின் எந்த மூலையிலும் ஊதா கிடையாது. நான் வாயைத் திறந்ததற்கு, "அது ஃபேமிலி ஃபங்ஷனுங்க மேடம், அதெல்லாம் கண்டுக்காதீங்க" என்று முடித்துவிட்டார். ஆனால் ஒரு வாத்தியார் பாவம் தன் துறைக் கருத்தரங்குக்கு ஆரஞ்சுக் கலரில் நோட்டீஸ் அடித்தபோது அதே சின்னவர் அவருக்கு மெமோ கொடுத்தார். அந்த மெமோவை டைப் செய்ததும் நான்தான். விதி யாருக்கு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் டிரைவர்களின் சீருடை. துணிக் கான்ட்ராக்டர் முதலில் கொண்டுவந்தது வெங்காயத் தோல் கலர். திருப்பி அனுப்பினேன். இரண்டாவது லாட் நாலு தடவை துவைத்ததும் வெளுத்துப்போனது. அதையும் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது லாட்டைப் பிராண்ட் புத்தகத்தின் மேலே வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அச்சு அசல். அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

அந்தச் சட்டையைப் போட்ட முதல் ஆள் எங்கள் ரூட் டிரைவர் அண்ணன். மேச்சேரியில் கிளம்பி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் வழியாக சேலம் தாண்டி கேம்பஸ் வரும் பஸ். நான் தாரமங்கலத்தில் ஏறுவேன். ஏழு வருஷம் அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் வந்தேன். அதிகம் பேசமாட்டார். பாட்டுப் போடமாட்டார். ஒரு பிள்ளை ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால், ஹார்ன் அடித்துப் பயமுறுத்தாமல் சும்மா நிற்பார். புத்தகத்தில் புதிதாகச் சேர்த்த "சீருடை: சரியான பயன்பாடு" என்ற பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்றபோது, மாடல் பையனெல்லாம் வேண்டாம் என்று அவரையே பஸ் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். நிமிர்ந்து நின்றார். அவருக்கு அப்படி ஒரு நெஞ்சு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் படத்தை ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

போன வருஷம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில், ஜலகண்டாபுரத்தில் வீட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசு.

எட்டு மணிக்கு அவர் சம்சாரம், நான் அக்கா என்பேன், எனக்கு ஃபோன் செய்தார். அழுது அழுது குரல் உடைந்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் வைக்க ஒரு அஞ்சலி பேனர் வேண்டும், அந்தச் சட்டை போட்ட படம்தான் வேண்டும், காலேஜ் பேரும் முத்திரையும் மேலே இருக்க வேண்டும் என்றார். காரணத்தையும் அவரே சொன்னார். அண்ணனுக்கு மேலே இரண்டு அண்ணன்மார், இரண்டு பேருக்கும் தறிப்பட்டறை. இவர் தறியில் உட்காரமாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அவர்கள் வீட்டு விசேஷத்தில் இவரைக் கடைசிப் பந்தியில்தான் கூப்பிடுவார்கள். "அவரு காலேஜ்காரரா இருந்தாருன்னு இன்னிக்கு ஒரு நாளாச்சும் அவிய பாக்கோணுங்க சாமி. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

இதிலென்ன கஷ்டம் என்று வீட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். மேலே முத்திரை, நடுவில் படம், கீழே பேரு, "ஆழ்ந்த இரங்கலுடன், பல்கலைக்கழகக் குடும்பத்தினர்". கறுப்புப் பின்னணி, மெரூன் கரை. விதிப்படி ஒரு பிசகு இல்லை. எந்த பேனரும் சின்னவர் ஒப்புதல் இல்லாமல் அச்சுக்குப் போகக்கூடாது என்பதால் அவருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் ஃபோன் வந்தது.

அண்ணன் செத்ததைப் பற்றி "த்சு, பாவம்" என்று ஒரு வார்த்தை. அதற்கப்புறம் முழுக்கக் கலரைப் பற்றித்தான். அட்மிஷன் நடக்கிற நேரம், கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மேட்டூர் வரைக்கும் இதே மெரூனில் அட்மிஷன் பேனர் கட்டியிருக்கிறோம், ஜலகண்டாபுரம் ஸ்டாப்பிலேயே ஒன்று நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் அதே கலரில் ஒரு சாவு பேனர் நின்றால் பிள்ளையைச் சேர்க்க வருகிறவன் என்ன நினைப்பான் என்றார். மங்கள கலரை இழவுக்குப் போடுவார்களா என்றும் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கும் எப்போதும் எல்லாவற்றிலும் என்றுதானே முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது என்றேன்.

"புத்தகத்துல சாவுக்குப் பக்கம் இருக்குதுங்களா?" என்றார்.

இல்லை. பொங்கல் வாழ்த்துக்குப் பக்கம் உண்டு, திருமண வாழ்த்துக்கு உண்டு, பட்டமளிப்புக்கு உண்டு. பெங்களூர்க்காரர்கள் செத்துப்போவதை யோசிக்கவில்லை.

"அப்ப ஒரு பக்கம் சேத்திருங்க. கலரு வேண்டாம், லோகோ வேண்டாம், பேரும் வேண்டாம், யூனிஃபார்மும் வேண்டாம். நண்பர்கள்னு போட்டுக்கிட்டுப் போவட்டும். நீங்களே நல்லா எழுதுவீங்க."

நல்லாத்தான் எழுதினேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஃபோனை வைத்துவிட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன், காப்பி போட்டுக் குடித்தேன், பிறகு உட்கார்ந்து பட்டமளிப்புப் பக்கத்துக்கு அடுத்து ஒரு புதுப் பக்கம் சேர்த்தேன். "இரங்கல் தொடர்பான எந்தக் காட்சிப்படுத்தலிலும் நிறுவனத்தின் நிறம், சின்னம், சீருடை ஆகியவை இடம்பெறலாகாது." ஒரு கமா கூடத் தப்பில்லை. எழுத்துரு, ஓரம், இடைவெளி எல்லாம் மற்ற பக்கங்களுக்குப் பொருந்தி நின்றது.

அப்புறம் சட்டை. வேறு படம் அக்காவிடம் இல்லை. அந்தப் படத்தைத்தான் திறந்தேன். சட்டையை மட்டும் கட்டம் கட்டி எடுத்து, கலரை நகர்த்தினேன். மெரூன் சாம்பலானது, சாம்பல் வெளிர்நீலமானது. கழுத்துப்பட்டையில் தெரிந்த சிவப்பு நிழலைக்கூட விடவில்லை. பாக்கெட் மேலே இருந்த முத்திரையை அழித்து, துணியின் சுருக்கத்தை அந்த இடத்தில் நிரப்பினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் எவனும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சுத்தம். செய்து முடித்துவிட்டு, கை பழக்கத்தில், நல்லா வந்திருக்கே என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. த்தூ.

சாயங்காலம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பஸ் ஸ்டாப்பிலிருந்து நாலாவது வீடு. ஸ்டாப்பில் எங்கள் அட்மிஷன் பேனர் பளபளவென்று சிரித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பத்தடி தள்ளி வெளிர்நீலச் சட்டையில் அண்ணன். அவர் நிமிர்ந்த நெஞ்சு மட்டும் அப்படியே இருந்தது.

பேனரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு காலேஜ் டிரைவரையோ மில் டிரைவரையோ வேலையை விட்டு நிறுத்தினால் முதலில் சட்டையைத்தான் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சட்டையை வாங்கிவிட்டார்கள் என்றால் சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். இதை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். காலையில் அந்தச் சட்டையை நீலமாக்கும்போது எனக்கு இது நினைவுக்கே வரவில்லை.

இப்போது அந்த ஊரே படித்துவிட்டது. காலேஜ் பேர் இல்லை. முத்திரை இல்லை. சட்டை இல்லை. வீட்டு வாசலில் அவருடைய பெரிய அண்ணன்காரர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னார், இவனை நிறுத்தி எத்தனை நாளாச்சோ, வீட்டில் சொல்லாமல் மறைத்திருக்கிறான், அந்த ஏக்கத்தில்தான் போய்ச் சேர்ந்தான் போல என்று. பக்கத்தில் நின்ற ஒருத்தர், குடித்துவிட்டு ஓட்டியிருப்பானோ என்றார். வாழ்நாளில் வெற்றிலைகூடப் போடாத மனுஷன் அவர்.

அந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டார். பெண்கள் நடுவிலிருந்து எழுந்து, தலைமுடி அவிழ்ந்தது அவிழ்ந்தபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே பெரியவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இவங்க காலேஜ் மேடமுங்க. அந்தப் போட்டாவ எடுத்ததே இவங்கதான். சொல்லுங்க சாமி. அவர நிறுத்துனாங்களா?"

"இல்லைங்க," என்றேன். "வெள்ளிக்கிழமை கூட நான் அவர் பஸ்லதாங்க வந்தேன்."

அக்காவின் கை என் கையை இன்னும் இறுக்கியது. அத்தோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பெரியவர் விடவில்லை. தறிக்காரர், கலர் தெரிந்தவர். அப்புறம் எதுக்குங்க சட்டையை மாத்துனீங்க என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. உங்கள் தம்பி செத்தது எங்கள் கலருக்கு ஆகாதாம், அதனால் நான்தான் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். பந்தலுக்கு வெளியே எங்கள் ஆபீஸ் ஆள் ஒருத்தர் மாலையோடு வந்து நின்றதைப் பார்த்தேன். என் பெண்ணின் காலேஜ் சீட்டு இதே இடத்தில் ஸ்டாஃப் கோட்டாவில் பேசி வைத்திருந்ததும் அந்த நேரத்தில்தானா ஞாபகம் வர வேண்டும்.

"பிரிண்டிங் மிஸ்டேக்குங்க," என்றேன்.

வெங்காயத் தோல் கலர் என்று ஒரு லாரித் துணியைத் திருப்பி அனுப்பியவள் நான். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்தார். அவர் நம்பவில்லை. அக்கா நம்பினார்.

மிஸ்டேக் என்றால் சரி பண்ணி வேறொன்று அடித்துக் கொடுங்கள், பதினாறாம் நாள் கருமாதிக்கு ஸ்டாப்பில் வைத்துக்கொள்கிறேன், அதுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். சரிங்க என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

பதினாறு நாள் நிறைய நாள். தாரமங்கலத்தில் ஒரு பேனர் கடைக்காரன் என் சொந்தக்காரன்தான், யாருக்கும் தெரியாமல் அடித்துக் கொடுத்திருப்பான். பழைய படம் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. தினமும் நாளைக்கு என்று நினைத்தேன். புது டிரைவர் பாட்டுப் போட்டு ஓட்டினார், நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அந்த அக்கா இரண்டு தடவை ஃபோன் செய்தபோது எடுக்கவில்லை. ஏன் செய்யவில்லை என்று இப்போது கேட்டால் ஒரு காரணமும் உருப்படியாக இல்லை. பயம். அவ்வளவுதான். அதற்கு மேலே சோம்பேறித்தனம். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு சின்னவர் என் ஃபோனுக்கு ஒரு படம் அனுப்பினார். பஸ்ஸில் வந்த பிள்ளைகள் எடுத்து எல்லா குரூப்பிலும் போட்டிருக்கிறார்கள். ஜலகண்டாபுரம் ஸ்டாப். அந்தப் பழைய நீலச் சட்டை பேனர், வெயிலில் கொஞ்சம் சுருங்கி அங்கேயே நிற்கிறது. அதன் மேல்கம்பில் ஒரு ஹேங்கர். ஹேங்கரில், துவைத்து இஸ்திரி போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, மெரூன் சட்டை. காற்றில் ஆடாமல் இருக்கக் கீழே சரடு வைத்துக் கட்டியிருந்தார்கள். பேனரில் அவர் நெஞ்சு இருக்கும் இடத்துக்கு நேராகத் தொங்கியது.

படத்துக்குக் கீழே சின்னவர் நான் எழுதிய அந்த வரியை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார். நிறம், சின்னம், சீருடை ஆகியவை இடம்பெறலாகாது. அடுத்து இன்னொன்று: உடனே கழட்டச் சொல்லுங்க, அந்த வீடு உங்களுக்குத்தானே பழக்கம்.

இந்தத் தடவை நான் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். பின்னால் சமையல் பாத்திரச் சத்தமும் ஆள் பேச்சும் கேட்டது. நான் வரப்போவதாக நினைத்துவிட்டார் போல, சாப்பாட்டுக்கு வந்துருவீங்களா சாமி என்றார். இல்லைங்க என்றேன். அந்தச் சட்டையை ஸ்டாப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும், ஆபீஸில் சொல்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் யாரோ இலை கேட்டார்கள், இருங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"இதுலயும் மிஸ்டேக்குங்களா, சாமி?"

குத்திக் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அவர் கையால் துவைத்த சட்டை, அவருக்கு அதில் என்ன தப்பு தெரியும்?

"ஆமாங்க," என்றேன்.